மன்னார் முத்துப்பார்களும் பேராசிரியர் ஹேர்ட்மனும்

மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பைப் பற்றி ஆராயப் புகுவார் எவரும், 1903ஆம் ஆண்டு தொடக்கம் 1906ஆம் ஆண்டு வரையில் இலண்டன் றோயல் சங்கத்தார் வெளியிட்ட ஐந்து பெருந் தொகுதிகளைப் புரட்டாது மேற்செல்லுதல் இயலாது. இலங்கை அரசாங்கத்தின் வேண்டுகோளுக்கிணங்க எழுந்த அவ்வறிக்கையின் முகப்பிற் காணப்படும் பெயர் வில்லியம் ஏபட் ஹேர்ட்மன் என்பதாகும். நம் நாட்டில் அப்பெயரைக் கேள்வியுற்றோர் அவரை முத்துச்சிப்பி ஆய்வாளராகவே அறிவர். ஆனால் அவர் இக்கடலிற் கழித்த காலமோ 1902ஆம் ஆண்டின் முதற் சில மாதங்களே. இலிவர்ப்பூல் நகரிலே, சிறியதொரு கல்லூரி பல்கலைக்கழகமாக உயர்ந்த நாற்பதாண்டுக் காலமும் அதன் தூண்களுள் ஒருவராய் நின்று அவர் ஆற்றிய பணி இங்கு அதிகம் பேசப்படுவதில்லை. அப்பணியோடு சேர்த்து நோக்கினாலன்றி, மன்னாரில் அவர் கண்டது யாது, அவர்தம் கைக்கு எட்டாது போனது யாது என்பன விளங்கா.

ஹேர்ட்மன் 1858ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் ஸ்கொத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவிற் பிறந்தவர். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் அவர் மாணவராயிருந்த காலம் கடலாராய்ச்சிக்கு ஒரு பொற்காலம் எனலாம். 1872 முதல் 1876 வரை உலகின் பெருங்கடல்களைச் சுற்றி வந்த ‘சலெஞ்சர்’ என்னும் கப்பல், ஆழ்கடலின் உயிரினங்களைப் போத்தல் போத்தலாகக் கொணர்ந்து சேர்த்திருந்தது. அப்பயணத்தின் விஞ்ஞானத் தலைவராகிய வைவில் தொம்சன் எடின்பரோவிலேயே பேராசிரியராயிருந்தார். சேகரங்களை வகைப்படுத்தி உலகெங்குமுள்ள அறிஞர்க்குப் பகிர்ந்தளிக்கும் அலுவலகமும் அங்கேயே இயங்கியது. 1879இல் பட்டம் பெற்ற ஹேர்ட்மன், தூனிக்காற்றா என்னும் வகுப்பைச் சேர்ந்த உயிர்களை ஆராயும் பொறுப்பைப் பெற்றார். பாறையில் ஒட்டிக்கொண்டு, தொட்டால் நீரைப் பீச்சும் தோற்பை போன்ற அவ்வுயிர்கள் காண்பதற்கு அழகற்றவை. பிறர் விரும்பி எடுக்கும் பொருளுமல்ல. அவற்றைப் பற்றி மூன்று பகுதிகளாக அவர் எழுதிய அறிக்கை அத்துறையில் அவர் பெயரை நிலைநாட்டியது.

இந்நிலையில், 1881ஆம் ஆண்டு, இருபத்துமூன்றே வயதில், இலிவர்ப்பூலிற் புதிதாய்த் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியின் இயற்கை வரலாற்றுப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் போன்ற பழம்பெருமை எதுவும் அக்கல்லூரிக்கு இல்லை. பட்டமளிக்கும் உரிமையும் அதற்கு அப்போது இல்லை. அங்குப் பயின்றோர் பிற பல்கலைக்கழகங்களின் தேர்வுக்கே தோற்ற வேண்டியிருந்தது. கைவிடப்பட்ட மனநோய் வைத்தியசாலைக் கட்டடமொன்றிலே வகுப்புகள் தொடங்கின. நகரமோ கப்பல்களாலும் பருத்தி வாணிகத்தாலும் செழித்தது. கல்வியைப் பற்றி அதற்குப் பெரிய எண்ணம் இருந்ததெனச் சொல்வதற்கில்லை. அந்நகரத்தாரின் பணப்பையைத் திறக்க வேண்டுமாயின் அவர்தம் மனத்தை முதலில் திறக்கவேண்டுமென்பதை இளம் பேராசிரியர் விரைவில் உணர்ந்துகொண்டார்.

கப்பற்சொந்தக்காரரையும் வணிகரையும் ஓய்வு நேர இயற்கையாராய்ச்சியாளரையும் சேர்த்து 1885இல் அவர் இலிவர்ப்பூல் கடலுயிரியற் குழுவை அமைத்தார். நகரத்தின் வாயிலிலுள்ள கடலில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று முறையாகக் கணக்கெடுப்பதே அதன் நோக்கம். கடலை அறியக் கடலோரத்தில் ஒரு நிலையம் வேண்டும். 1887இல் வேல்சு நாட்டு ஆங்கிள்சிக் கரைக்கு அப்பாலுள்ள பபின் தீவிலே, கப்பல்களுக்குச் சைகை கொடுப்பதற்கென முன்னாளில் கட்டப்பட்டுப் பாழடைந்து கிடந்த வீடொன்று குழுவின் முதல் நிலையமாயிற்று. ஆனால் அத்தீவில் ஆள் இல்லை. காற்றுக் கடுத்தால் படகும் போகாது. ஐந்தாண்டு கழித்து, 1892இல், அயர்லாந்துக் கடலின் நடுவிலுள்ள மான் தீவின் போட் எரின் குடாவுக்கு நிலையம் மாற்றப்பட்டது. அங்கு 1902இல் பெரிய கட்டடமொன்று எழுந்தது. பிளேசு என்னும் தட்டைமீனின் குஞ்சுகளைப் பொரிக்கச்செய்து கடலில் விடும் குளங்களும் அதனோடு அமைந்தன. விடுமுறைகளில் மாணவர் அங்குத் தங்கிக் கற்றனர். ஆசிரியர் நூலிற் காட்டியதை அலையிலும் பாறையிலும் கண்டனர்.

ஆசிரியத்தொழில் புரிவோர் குறிப்பாக நோக்கற்பாலது இன்னொன்றுண்டு. 1899 முதல் அக்குழு வரிசையாகச் சில சிறுநூல்களை வெளியிட்டது. ஒவ்வொரு நூலும் ஒரேயோர் உயிரை எடுத்து, அதன் உறுப்புகளையும் வாழ்க்கையையும் மாணவர்க்கு விளங்குமாறு முற்றாகக் கூறுவது. முதல் நூலை ஹேர்ட்மன் தாமே தூனிக்காற்றா வகையொன்றைப் பற்றி எழுதினார். பிந்தியவற்றைப் பெரும்பாலும் மாணவரிடமும் உடனாசிரியரிடமும் ஒப்படைத்தார். அவ்வகையில் நண்டினத்தைப் பற்றி எழுதிய ஜோசப் பியர்சன் 1910இல் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராய் வந்து 1933 வரை பணிபுரிந்தார் என்பது நம் நாட்டார் நினைவுகொள்ளத்தக்கது.

கல்லூரிக்கு வெளியேயும் அவர் பணி விரிந்தது. லங்காசயர்க் கரையின் மீன்பிடியை மேற்பார்வை செய்த குழுவினர் தமக்கு வேண்டிய விஞ்ஞான ஆலோசனையை அவரிடமே பெற்றனர். அக்காலத்தில் சிப்பியுண்டோர் சிலர் நெருப்புக்காய்ச்சலால் இறந்தமை பெரும் அச்சத்தை விளைத்திருந்தது. நோய்க்கிருமி ஆய்வாளர் றூபட் பொய்சுடன் சேர்ந்து ஹேர்ட்மன் நடாத்திய ஆய்வு 1899இல் வெளிவந்தது. கழிவுநீர் கலக்கும் இடங்களிற் கிடந்த சிப்பிகளே அபாயமானவை என்பதும், தூய கடல்நீர் ஓடும் இடத்தில் அவற்றைச் சிலகாலம் வைத்திருப்பின் கிருமிகள் குறையும் என்பதும் அதனாற் புலனாயின. சிப்பியின் உடலையும் அதன் தொல்லைகளையும் அவரளவு அறிந்த பேராசிரியர் அன்று மிகச் சிலரே. அவ்வறிவே அவரை மன்னாருக்கு அழைத்து வந்தது.

இலங்கையில் 1891இல் நடந்த சலாபத்துக்குப் பின் பத்தாண்டுக்கு மேலாக முத்துக்குளிப்பே இல்லாதிருந்தது. பார்களைச் சோதிக்கச் சென்ற அதிகாரிகள் ஓராண்டு இளஞ்சிப்பிகள் மலிந்திருப்பதாக அறிவித்தனர். மறு ஆண்டு வெறுமணலையே கண்டனர். அரசாங்க வருமானத்தில் எதிர்பாராத கொடையாய் வந்துகொண்டிருந்த ஒன்று நின்றுபோகவே, 1901இல் குடியேற்ற நாட்டு அமைச்சர் சேம்பர்லேன் பேராசிரியரின் கருத்தைக் கேட்டார். பழைய ஏடுகளை மட்டும் படித்து ஆலோசனை கூறும்படியே முதலிற் கேட்கப்பட்டது. பின்னர் நேரில் வந்து பார்க்குமாறு அழைப்பு வந்தது. 1902 ஜனவரியில் ஹேர்ட்மன் தம் துணைவராய் ஜேம்ஸ் ஹோர்னெல் என்பவருடன் கொழும்பிலே கரையிறங்கினார்.

வரும் வழியிலேயே ஆய்வு தொடங்கிவிட்டது. கப்பலுக்குள் ஏற்றப்படும் கடல்நீரைப் பட்டுவலையின் ஊடாக இரவு பகலாக ஓடவிட்டு, அதிற் சிக்கும் நுண்ணுயிர்களை அவர் சேகரித்துக்கொண்டே வந்தார். கப்பலை நிறுத்தாமலே கடலை ஆராயும் இவ்வெளிய உபாயத்தை 1897இல் அத்திலாந்திக்கைக் கடந்தபோதே அவர் கையாண்டிருந்தார்.

அரசாங்கக் கப்பலாகிய ‘லேடி ஹவ்லொக்’கில் இருவரும் இலங்கையைச் சுற்றி வந்தனர். குளிகாரரை இறக்கிச் சில சிப்பிகளை எடுத்துப் பார்ப்பதே அதுவரை நடந்த சோதனைமுறை. ஹேர்ட்மன் கடலடியை இழுவைவலையால் வாரியெடுத்தும், குளிகாரரைக் கொண்டு ஆராய்ந்தும், பாறை எங்கே, மணல் எங்கே, எவ்வுயிர்கள் எதனோடு வாழ்கின்றன என்று படமெழுதத்தக்க முறையில் குறித்துக்கொண்டார். சிப்பிகள் சிலவற்றை மன்னாரிலிருந்து காலித் துறைமுகத்துக்குக் கொண்டுசென்று வளர்த்துப் பார்த்தபோது அவை நலமே வாழ்ந்தன. இடம் மாற்றினால் இறந்துவிடும் என்ற ஐயம் இதனால் நீங்கியது. காலியில் ஆய்வுச்சாலையும் அமைந்தது. ஏப்ரில் மாதத்தில் பேராசிரியர் இலிவர்ப்பூலுக்கு மீள, ஹோர்னெல் இங்கேயே தங்கிப் பணியைத் தொடர்ந்தார்.

அவர் கண்டவற்றுள் மிகச் சிறந்தது பெரிய பாரைப் பற்றியதாகும். கரையிலிருந்து ஏறத்தாழ இருபது மைல் தொலைவில், திறந்த கடலின் ஓரத்திலே, ஆழம் திடீரெனப் பெருகும் விளிம்பை அடுத்து அது கிடக்கின்றது. கணக்கற்ற இளஞ்சிப்பிகள் அடிக்கடி அதன்மேற் படிவதும், முதிர்வதற்குள் மறைந்துபோவதும் கடற்றொழிலாளர் நெடுநாளாய் அறிந்த செய்தி. அங்கிருந்து மறையும் சிப்பிகளே ஏனைய பார்களிற் சென்று குடியேறுகின்றன என நம்பி அதனைத் ‘தாய்ப்பார்’ என்றும் வழங்கினர். 1880 தொடக்கம் பதினொரு தடவையேனும் அப்பாரில் இளஞ்சிப்பி நிறைந்தும் ஒருமுறையாயினும் சலாபம் நடக்கவில்லை என்பதை ஏடுகளிலிருந்து ஹேர்ட்மன் எடுத்துக்காட்டினார். 1902 மார்ச்சில் அவர் சென்றபோதும் பார் நிறையச் சிப்பிகள் கிடந்தன. அவ்வாண்டு நவம்பரில் ஹோர்னெல் மீண்டும் சென்று பார்த்தார். கோடிக்கணக்கான சிப்பிகளில் ஒன்றுமே எஞ்சவில்லை. இடையில் வீசிய தென்மேல் பருவக்காற்றின் கொந்தளிப்பு அவற்றை விளிம்புக்கப்பால் அள்ளிச் சென்றோ மணலால் மூடியோ அழித்துவிட்டது. தாய் பிள்ளைகளை வேறிடத்துக்கு அனுப்பவில்லை, ஆண்டுதோறும் பறிகொடுத்துக்கொண்டிருந்தாள். பெயரை வைத்தோர் காரணத்திற் பிழைத்தாரேனும், அப்பார் நிறைவதும் ஒழிவதுமாகிய நிகழ்ச்சியைச் சரியாகவே கண்டிருந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

எனவே, அளவுக்கு மிஞ்சிக் குளித்தமையே பார்கள் வறண்டதற்குக் காரணம் என்ற பொதுக்கருத்தை ஹேர்ட்மன் ஏற்கவில்லை. நகரும் மணல், நெருக்கம், திருக்கையும் கிளாத்தியும் உடுமீனும் துளையிடும் கடற்பஞ்சும் போன்ற பகைகள் ஆகியனவே முதற்காரணங்கள் என்றார். பரிகாரமும் கூறினார். பெரிய பாரில் வீணே அழியும் இளஞ்சிப்பிகளை அள்ளிச் செவல் முதலிய காப்பான பார்களில் இடல் வேண்டும். ஒட்டிக்கொள்ளப் பற்றுக்கோடில்லாத மணலிலே கல்லும் ஓடும் பரப்பல் வேண்டும். நெருக்கமாய்க் கிடப்பவற்றை ஐதாக்கல் வேண்டும். உழவன் நாற்றைப் பறித்து நடுவதை ஒத்தது இத்திட்டம்.

முத்து எவ்வாறு தோன்றுகின்றது என்பதிலும் அவர் கருத்துச் சென்றது. சிப்பியின் உடலுள் நுழைந்த நாடாப்புழுவின் குஞ்சைச் சுற்றிச் சுண்ணப்படை வளர்தலே நல்முத்தின் பிறப்பு என்பது அவர் கொள்கை. இக்கருத்தின் வித்து இலங்கை மண்ணிலேயே இடப்பட்டிருந்தது. இங்குப் பிறந்து இராணுவ வைத்தியராய் விளங்கிய கெலார்ட் என்பவர், 1857 முதல் 1859 வரை எழுதிய அறிக்கைகளில் புழுக்களுக்கும் முத்துக்கும் தொடர்புண்டென்று கூறியிருந்தார். அப்புழுவின் வளர்ச்சி சிப்பியைத் தின்னும் மீன்களிலும், அவற்றைத் தின்னும் திருக்கைகளிலும் நிறைவெய்துகிறதென ஹேர்ட்மன் கருதியமையால், சிப்பியின் பகைவரை முற்றாய் ஒழித்தால் முத்தும் ஒழியும் என்ற விசித்திரமான முடிவு பிறந்தது! சிப்பிக்குப் பகையாயிருப்பது மனிதனுக்கு நட்பாயிற்று.

இவ்வறிக்கையின் தொகுதிகள் வெளிவந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே கடல் கைதிறந்தது. 1903, 1904, 1905 ஆகிய மூன்றாண்டும் சலாபம் நடைபெற்றது. 1905ஆம் ஆண்டுச் சலாபம் வரலாறு காணாதது. மரிச்சுக்கட்டியின் வெறுங்கரையில் ஓரிரு கிழமையில் ஓலைக்குடிசை நகரமொன்று எழுந்தது. யாழ்ப்பாணத்தாரும் பாண்டிநாட்டுக் கடற்றொழிலாளரும் அராபியரும் குளித்தனர். ‘கொட்டு’ எனப்படும் அடைப்பினுள் சிப்பிகள் மூன்று கூறாக்கப்பட்டு, ஒரு கூறு குளிகாரர்க்கும் இரு கூறு அரசுக்கும் ஆயின. அரசின் பங்கு அன்று மாலையே ஏலத்தில் ஆயிரக்கணக்கில் விலைபோயிற்று. எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் ரூபாய் கிடைத்தது. அடுத்த ஆண்டுச் சலாபத்துக்கு யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து அனுப்பப்பட்ட இளம் உத்தியோகத்தர், பிற்காலத்தில் ஆசிரியராய்ப் புகழ்பெற்ற லெனாட் வூல்ப் என்பவரே.

ஆனால் 1906இல் அரசாங்கம் செய்த காரியம் வேறு. பார்களை இருபதாண்டுக்கு, ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபாய் வாடகைக்கு, இங்கிலாந்திற் புதிதாய் அமைந்த வணிகக் கம்பனியொன்றுக்குக் குத்தகைக்கு விட்டது. விஞ்ஞான முறையால் பார்களைப் பயிர்நிலம்போல் ஆண்டுதோறும் விளையச்செய்யலாம் என்ற நம்பிக்கையே பணம் போட்டோரைக் கவர்ந்தது. 1906இலும் 1907இலும் சலாபம் நடந்தது. அதன்பின் பார்கள் மீண்டும் வெறுமையாயின. கம்பனி வாடகை கட்டிக்கொண்டே காத்திருந்து, 1912இல் கலைந்துபோயிற்று. அடுத்த சலாபத்தைக் காண 1925 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

முத்துக் கொள்கையும் நிலைக்கவில்லை. லைஸ்டர் ஜேம்சன் என்பவர் இலங்கை முத்துகளையே ஆராய்ந்து 1912இல் வெளியிட்ட கட்டுரையில், நாடாப்புழுவே காரணம் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று மறுத்தார். ஜப்பானிய ஆராய்ச்சியாளரோ, ஓட்டைச் சுரக்கும் மேலுறைத் தசையின் சிறுதுண்டே முத்துக்கு இன்றியமையாதது எனக் கண்டு, அதனை மணியொன்றுடன் சிப்பியினுட் செலுத்தி உருண்டை முத்தை வளர்த்தெடுத்தனர். 1920களில் அவ்வளர்ப்பு முத்து உலகச் சந்தையை நிறைத்தது. புழுவும் ஒரு தூண்டலாய் அமையலாம். ஆயினும் தூண்டலையே காரணமாகக் கொண்டமை ஹேர்ட்மன் கொள்கையின் குறை.

இதனைக் கொண்டு அவர் மன்னார்ப் பணி தோல்வியென்று முடிவுகட்டுதல் நீதியன்று. அவர் கூறிய பரிகாரங்கள் யாவும் சிப்பி கடலடியிற் படிந்த பின்னர்ச் செய்யத்தக்கவை. படிவதற்கு முன், கண்ணுக்குத் தெரியாத குஞ்சாய் நீரோட்டத்தில் மிதக்கும் நாள்களே பாரின் விதியைத் தீர்மானிக்கின்றன. அந்நாள்களின்மேல் ஆலோசகருக்கும் அதிகாரமில்லை, குத்தகைக்காரருக்கும் அதிகாரமில்லை. 1907 முதல் 1920 வரை மான் தீவைச் சூழ்ந்த கடலில் தம் சொந்தப் படகிலிருந்து பிளாங்தன் எனப்படும் மிதவுயிர்களை ஹேர்ட்மன் ஓயாது எண்ணினார். அருகருகே இழுத்த இரு வலைகளிற்கூட அளவு பெரிதும் வேறுபடுதலை அவர் வற்புறுத்திக் கூறினார். மன்னாரின் புதிருக்கு அவ்வெண்ணிக்கையே 1902இன் அறிக்கையைவிட நெருங்கிய விடை எனக் கொள்ளலாம். அறிக்கைகளுள் பழுதுறாது நிற்பது இன்னொரு பகுதி. இலங்கைக் கடலின் பஞ்சு, பவளம், புழு, நண்டு, சங்கு முதலியவற்றைத் தனித்தனி அறிஞர்க்கு அனுப்பி அவர் பெற்று வெளியிட்ட நாற்பது வரையிலான துணையாய்வுகள், இக்கடலின் உயிரினங்களை ஆராய்வார்க்கு இன்றும் முதற்படியாயுள்ளன. ‘சலெஞ்சர்’ அலுவலகத்தில் மாணவனாய்க் கண்ட முறையை அவர் மன்னாருக்குப் பொருத்தினார் என்க.

இவ்வறிக்கை வேலையோடு மற்றைப் பொறுப்புகளும் ஒருங்கு நடந்தன. 1903ஆம் ஆண்டிலேதான் இலிவர்ப்பூல் கல்லூரி தனிப் பட்டயம் பெற்றுப் பல்கலைக்கழகமாயிற்று. அவ்வாண்டிலேயே ஹேர்ட்மன் விஞ்ஞான முன்னேற்றத்துக்கான பிரித்தானிய சங்கத்தின் பொதுச்செயலாளருள் ஒருவரானார். 1905இல் தென்னாபிரிக்காவிலும் 1914இல் அவுஸ்திரேலியாவிலும் அச்சங்கம் கூடியது. நூற்றுக்கணக்கான அறிஞரைக் கடல் கடந்து கொண்டுசெல்லும் ஏற்பாடுகளையும் தாங்கிய அப்பதவியை அவர் 1919 வரை வகித்தார். கூட்டம் கூட்டுதலும், கணக்குப் பார்த்தலும், கடிதமெழுதுதலும் புகழ் தராத வேலைகள். ஆய்வாளர் பலர் அவற்றை வெறுத்தொதுக்குவர். அவரோ அவற்றை ஆய்வின் ஒரு பகுதியாகவே கொண்டார்போலும்.

அவரின் துணைவியார் ஜேன், கிழக்குநாடுகளுக்குக் கப்பலோட்டிய அல்பிரட் ஹோல்ட்டின் மகளார். செல்வமும் கல்வியார்வமும் உடைய அவ்வம்மையார் கணவரின் முயற்சிகள் அனைத்திலும் பங்குகொண்டார். இவர்களின் ஒரே மகன் ஜோர்ஜ் 1916 ஜூலை முதலாம் நாள் சொம் போர்க்களத்தில் உயிர்நீத்தான். பெற்றோர் மகன் பெயரால் பல்கலைக்கழகத்தில் நிலவியற் பேராசிரியர் பதவியொன்றை நிறுவினர். 1919இல் இருவரும் சமுத்திரவியலுக்கும் ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினர். முப்பத்தெட்டாண்டு வகித்த பழைய பதவியை விட்டு, ஹேர்ட்மன் அப்புதிய பதவியில் ஓராண்டு மட்டும் அமர்ந்தார். பின்னர் நெடுங்காலத் துணைவராகிய ஜேம்ஸ் ஜோன்ஸ்டனிடம் அதனை ஒப்படைத்து விலகினார். போட் எரின் நிலையமும் 1919இல் பல்கலைக்கழகத்துக்கு உரியதாயிற்று. தாம் பெற்றதைத் தாமே இருந்து காத்தல் வேண்டும் என்ற ஆசை அவரிடம் இல்லை.

1920இல் கார்டிப் நகரில் கூடிய பிரித்தானிய சங்கத்துக்கு அவர் தலைவரானார். தலைமையுரையின் பொருள் சமுத்திரவியலே. ‘சலெஞ்சர்’ போன்ற இன்னொரு பெரும் பயணத்தை நாடு மேற்கொள்ளவேண்டுமென்று அவ்வுரையில் வேண்டினார். போரால் வறுமையுற்றிருந்த அரசு அதனை ஏற்கவில்லை. 1922இல் அவர் ‘சேர்’ பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே துணைவியாரை இழந்தார். 1923இல், தம் ஆசான்களின் வரலாறும் அடங்கிய ‘சமுத்திரவியலின் மூலவர்கள்’ என்ற கருத்துடைய பெயர்கொண்ட நூலை வெளியிட்டார். 1924 ஜூலையில் காலமானார். துணைவியார் நினைவாக அவர் வழங்கிய பொருளால் எழுந்த ஜேன் ஹேர்ட்மன் நிலவியல் ஆய்வுச்சாலை 1929இல் திறக்கப்பட்டது.

மன்னாரில் விடப்பட்ட ஹோர்னெல், 1908இல் சென்னை மாகாணத்துக்குச் சென்று அங்கு மீன்பிடித் துறையின் பணிப்பாளராகவும் உயர்ந்தார். தமிழ்நாட்டுத் தோணிகளையும் சங்குக்குளிப்பையும் பற்றி அவர் எழுதியவை தனியே ஆராயத்தக்கன. போட் எரின் நிலையம் நூற்றுப்பதினான்கு ஆண்டு இயங்கி 2006இல் மூடப்பட்டது. அக்குடாவின் கடல்நீர் வெப்பத்தை 1904 முதல் நாள்தோறும் அளந்து எழுதிவந்த ஏடுகள், கடல் சூடேறுதலை ஆராய்வோரால் இன்று பயன்படுத்தப்படுகின்றன.